ஏலத்தில் வந்தவர் உங்கள் கடைக்கும் வர: ஈபேயில் விற்கும் திருமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் உங்களிடம் ஒரு பொருளை ஏலத்தில் எடுத்தவரை "என்ர கஸ்டமர்" என்று சொல்லிக்கொள்கிறோம். ஈபேயின் விதிப்படி அவர் ஈபேயின் கஸ்டமர். அவருடைய உண்மையான மின்னஞ்சல் முகவரியைக்கூட அவர்கள் உங்களுக்குக் காட்டுவதில்லை; நடுவில் ஒரு மாற்று முகவரியை வைத்துத்தான் கடிதப் போக்குவரத்து நடக்கிறது. சொந்தமாக இணையத்தளம் திறந்து, பழைய வாங்குநர்களை அங்கே கூட்டிப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதிச் சிக்கல் குறையும். தளம் கட்டுவது லேசான வேலை. கணக்கை இழக்காமல் ஆட்களை அங்கே வர வைப்பதுதான் கடினம்.

இந்தக் கட்டுரை சின்ன அளவில் வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கானது: முத்திரை, நாணயம், பழைய தபால் அட்டை, பனையோலைப் பெட்டி, கைவினைப் பொருள். உதாரணத்துக்கு முத்திரையையும் தபால் அட்டையையும் எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் உட்துறைமுகம், சீனக்குடா, பிரெட்றிக் கோட்டை என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். 1935 இல் வந்த இலங்கை முத்திரை வரிசையில் 1 ரூபா முத்திரையில் இருப்பதே திருகோணமலைக் காட்சிதான். நமக்கென்று ஏற்கெனவே ஒரு சந்தை இருக்கிறது.

முதலில், எதைச் செய்யக்கூடாது

ஈபே தன் தளத்துக்கு வெளியே விற்க முயல்வதைத் தடை செய்திருக்கிறது. விற்பனை விவரத்தில் உங்கள் இணையத்தள முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல், வட்ஸ்அப் எண் எதையும் போடக்கூடாது. படத்தின் மூலையில் சின்னதாக எழுதி வைப்பதும் இதற்குள் அடங்கும். ஈபேயின் செய்திப்பெட்டி வழியாக "நேரே வாங்கினால் குறைத்துத் தருவேன்" என்று எழுதக்கூடாது. ஈபே மூலம் கிடைத்த பெயர், முகவரியை வைத்துப் பின்னர் விளம்பரம் அனுப்பக்கூடாது. மீறினால் பொருளை இறக்குவார்கள், கணக்கை முடக்குவார்கள். வெளியில் முடிந்த விற்பனைக்கும் தரகுக் கட்டணம் அறவிடத் தங்களுக்கு உரிமை உண்டு என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அண்ணை, பார்சலுக்குள்ள ஒரு கார்ட் போட்டு விட்டா ஆருக்குத் தெரியும்?" என்று புதிதாகத் தொடங்கும் பொடியன்கள் கேட்பதுண்டு. எல்லாருக்கும் தெரியும், தம்பி. வாங்கியவர் ஒருவர் முறைப்பாடு செய்தால் போதும். "தளத்தில் வாங்குங்கள், 10 வீதக் கழிவு" என்று அச்சடித்த துண்டு நேரடியாக வெளியே அழைப்பதுதான்; அதைப் பொதிக்குள் வைக்காதீர்கள். கையால் எழுதிய ஒரு நன்றிக் குறிப்பும் உங்கள் கடைப் பெயரும் வேறு விஷயம். அந்தப் பெயர் என்ன வேலை செய்யும் என்பதைக் கீழே சொல்கிறேன். எதை வைப்பதென்றாலும் அன்றைய விதியை ஒருமுறை வாசித்துவிட்டு வையுங்கள். அடிக்கடி மாற்றுகிறார்கள்.

அடுத்தது, கணக்கு

ஈபே.கொம் தளத்தில் பல வகைப் பொருட்களுக்குத் தரகு 13 வீதத்தைத் தாண்டுகிறது. புதியவர்கள் கவனிக்காத விஷயம், இந்த வீதம் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபால் செலவுக்கும் சேர்த்துத்தான். 10 டொலருக்கு அட்டை, 4 டொலர் தபால் என்றால் 14 டொலரில் 13 வீதம், அதாவது 1.82 டொலர் போகும். ஒவ்வொரு ஓடருக்கும் ஒரு சிறு நிலையான தொகை வேறு. பிறகு பணம் பயோனியர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வங்கிக்கு வரும்போது நாணய மாற்றில் இன்னும் கொஞ்சம் கரையும்.

சொந்தத் தளத்திலும் செலவு உண்டு: பெயர்ப் பதிவு, ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இட வாடகை) அல்லது மாதச் சந்தா, வங்கி அட்டை மூலம் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணம். மாதம் நாலைந்து பொருள் விற்பவருக்கு இதில் ஒரு சதமும் மிஞ்சாது. அவர் ஈபேயிலேயே இருந்துகொண்டு, தளத்தை வெறும் அறிமுகப் பக்கமாக வைத்துக்கொள்வதே புத்தி. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வாங்குகிறார்களா என்று உங்கள் விற்பனைப் பட்டியலைப் பாருங்கள். அப்படி வாங்குகிறார்கள் என்றால் மட்டும் மேலே வாசியுங்கள். ஒருமுறை வாங்கி மறையும் ஆட்களுக்காகக் கடை கட்டிப் பயனில்லை.

பெயர்

நீங்கள் சட்டப்படி கையில் வைத்திருக்கக்கூடிய ஒரே பாலம் உங்கள் பெயர்தான். ஈபேயில் உங்கள் பயனர் பெயரும் இணையத்தளப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பயனர் பெயருக்குள் இணைய முகவரியை நுழைக்க ஈபே விடாது. அதனால் புள்ளியும் கொம்மும் இல்லாமல் பெயரை மட்டும் வையுங்கள். பெயருக்குப் பின்னால் பிறந்த ஆண்டோ வேறு எண்ணோ ஒட்டியிருந்தால் அதைத் தூக்கிவிடுங்கள். பயனர் பெயரை 30 நாட்களுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், ஆகவே மாற்றுவதற்கு முன் அந்தப் பெயரில் இணைய முகவரி காலியாக இருக்கிறதா என்று பார்த்து, முகவரியைப் பதிந்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். உங்கள் பெயரில் "ஈபே" என்ற சொல்லைச் சேர்க்கவே வேண்டாம். அது அவர்களின் வணிகக் குறி.

வெளிநாட்டாரின் வாயில் நுழையும் பெயராக இருக்கட்டும். லண்டனில் இருக்கும் எழுபது வயது முத்திரைச் சேகரிப்பாளர் உங்கள் பொதியில் ஒரு பெயரைப் பார்க்கிறார். மூன்று மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்து கூகிளில் தட்டுகிறார். அப்போது எழுத்துப் பிழை விட்டாலும் நீங்கள் அகப்பட வேண்டும். இதில் ஈபேயின் எந்த விதியும் மீறப்படவில்லை. நீங்கள் அவரைக் கூப்பிடவில்லை, அவராகத் தேடி வந்தார்.

முகவரி .கொம் ஆக இருப்பது வெளிநாட்டு வாங்குநருக்குப் பழக்கமானது. .எல்கே முகவரியும் சேர்த்து எடுத்து வைப்பது நல்லது. தமிழில் '.இலங்கை' என்ற முகவரியும் பதியலாம். பார்க்க அழகு, ஆனால் தமிழ் விசைப்பலகை இல்லாத வாங்குநர் எப்படித் தட்டுவார்?

வியாபாரப் பெயரைப் பதிவு செய்யும் வேலையையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்றால் அந்தந்தப் பிரதேச செயலகம். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு போனால் அலைச்சல் குறையும். அட்டைப் பணம் வாங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்தப் பதிவைக் கேட்கும்.

தளம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ், அதன் மேல் கடை நடத்தும் வூகொமர்ஸ், இரண்டும் இலவசம். பராமரிப்பு உங்கள் தலையில். ஆயத்தமான இணையக் கடை தரும் ஷொப்பிஃபைக்கு மாதச் சந்தா, பராமரிப்பு அவர்களுடையது. ஆனால் ஷொப்பிஃபையின் சொந்தப் பணம் வாங்கும் வசதி இலங்கையில் கிடையாது. வெளி நிறுவனத்தைப் பயன்படுத்தினால் அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2 வீதம் மேலதிகமாக எடுப்பார்கள். கொஞ்சம் கணினி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வூகொமர்ஸ்; இல்லாவிட்டால் ஷொப்பிஃபை.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் பொருள் விவரம். ஈபேயில் "பழைய சிலோன் அட்டை, அபூர்வம்" என்று போட்டாலும் ஏலம் ஓடும், ஏனென்றால் கூட்டம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது. உங்கள் தளத்தில் நிற்பதற்குக் கூட்டம் இல்லை. ஒவ்வொரு பக்கமும் தானாக ஓர் ஆளைப் பிடித்து வர வேண்டும். ஓர் அட்டைக்கு நான் எழுதச் சொல்வது இவ்வளவு: எந்த இடம், எந்தப் பக்கத்தில் நின்று எடுத்த படம், அச்சடித்தவர் பெயர் இருந்தால் அது, பின்பக்கத்தில் முத்திரை என்ன, தபால் முத்திரைக் குத்தலில் ஊரும் திகதியும் வாசிக்க முடிகிறதா, மூலை மடிப்பு, ஈரக்கறை, பேனா எழுத்து எங்கே, அளவு மில்லிமீற்றரில். முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். கைபேசிப் படம் வேண்டாம். அதில் வரும் சரிவும் மஞ்சளும் சேகரிப்பாளரைச் சந்தேகப்பட வைக்கும். மாரிக் காலத்தில் எங்கள் ஊரின் ஈரக் காற்று அட்டைகளை வளைத்துவிடும் என்பதால் ஸ்கேன் வேலையை அதற்கு முன்பே முடித்துவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் அடைத்து வைப்பவர்கள் புத்திசாலிகள்.

பொருள் பக்கங்களோடு இரண்டு மூன்று கட்டுரைப் பக்கங்களும் எழுதி வையுங்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பானிய விமானத் தாக்குதல், சீனக்குடா விமானத்தளம், சுவாமி மலையும் கோணேசர் கோயிலும், பழைய டொக்யார்ட். தாத்தா இங்கே கடற்படையில் இருந்தார் என்று கூகிளில் துருவும் ஒருவர் அந்தப் பக்கத்தில் வந்து இறங்குவார். கீழே அதே இடத்தின் தபால் அட்டை விற்பனைக்கு இருக்கும். இது ஈபேயின் வாங்குநரே இல்லை, நீங்களாகப் பிடித்தவர். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்களையும் மறக்க வேண்டாம். கோணேஸ்வரா இந்துக் கல்லூரி, சண்முகா, சூசையப்பர் கல்லூரிப் பழைய மாணவர்கள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். ஊரின் பழைய படம் என்றால் விலை பேசாமல் வாங்குபவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு ஒரு தமிழ்ப் பக்கம் இருப்பது மரியாதை.

பணம்

இணையப் பணச் சேவையான பேபாலில் பணம் அனுப்பலாம், வாங்க முடியாது என்பதுதான் இலங்கையில் ஆண்டுக்கணக்காக இருந்த நிலை. அட்டைப் பணம் வாங்கித் தரும் வெளிநாட்டு நிறுவனமான ஸ்ட்ரைப் இங்குள்ள வியாபாரிக்குக் கணக்குத் தருவதில்லை. மிஞ்சுவது பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் நிறுவனங்களும் வங்கிகளின் சொந்த வசதிகளும். இவர்களிடம் போகும்போது வீதத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகள் ஏற்கப்படுமா? டொலரிலும் பவுணிலும் விலை காட்டி அறவிடலாமா, அல்லது ரூபாயில்தானா? பணம் எத்தனை நாளில் வங்கிக்கு வரும்? வாங்கியவர் தன் வங்கியில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பிடுங்கினால் யார் தலையில்? கடைசிக் கேள்விக்கு "உங்கள் தலையில்" என்றுதான் பதில் வரும். அதனால் பதிவுத் தபால் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கி 'எல்கே' என்று முடியும் எழுத்தும் இலக்கமுமாக 13 இடங்கள் கொண்ட அந்தக் குறியீடுதான் உங்கள் சாட்சி. பற்றுச்சீட்டைப் படம் எடுத்து ஓடரோடு சேர்த்து வையுங்கள்.

தெரிந்த, பழகிய வாங்குநர் என்றால் வைஸ் என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக நேரே உங்கள் ரூபாய்க் கணக்குக்கு அனுப்பலாம். முன்பின் தெரியாதவரிடம் அதைக் கேட்டால் ஏமாற்றுக்காரன் என்று நினைப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வரி: நம் ஆட்கள் பேசாத பகுதி

ஈபேயில் விற்கும்போது பின்னணியில் அவர்கள் செய்துவிடும் வேலையில் பெரியது இது. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியாவுக்குள் போகும் 135 பவுணுக்கு உட்பட்ட பொதிகளுக்கு வற் (பெறுமதி சேர் வரி) வரியை விற்பனையின்போதே அறவிட வேண்டும். ஈபேயில் விற்றால் ஈபே அறவிட்டுக் கட்டிவிடும். உங்கள் தளத்தில் நேரே ஒரு தனிநபருக்கு விற்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பிரித்தானிய வற் பதிவு வேண்டும், வெளிநாட்டு விற்பனையாளருக்குக் குறைந்தபட்ச வரம்பு என்று ஒன்றும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை 1 முதல் 150 யூரோவுக்கு உட்பட்டவற்றுக்கு இதே மாதிரி ஓர் ஏற்பாடு. நீங்கள் அதில் பதியாவிட்டால் பொருள் போய்ச் சேரும்போது தபால்காரர் வரியும் கையாளும் கட்டணமும் கேட்பார். 8 யூரோ அட்டைக்கு அதைவிட அதிகம் கட்டச் சொன்னால் வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார். அவுஸ்திரேலியா 1000 டொலருக்கு உட்பட்டவற்றுக்கு 2018 முதல் ஜிஎஸ்ரி (பொருட்கள், சேவைகள் வரி) அறவிட்டாலும், ஆண்டுக்கு 75,000 அவுஸ்திரேலிய டொலருக்குக் குறைவாக அங்கே விற்பவருக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அமெரிக்கா, 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்குக் கொடுத்துவந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. தபால் கந்தோரில் அன்றைய நிலையைக் கேட்காமல் அமெரிக்காவை உங்கள் தளத்தின் நாட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இதிலிருந்து என் முடிவு: சின்ன விற்பனையாளர் பிரித்தானியாவுக்கான விலை குறைந்த பொருட்களை ஈபேயிலேயே விடட்டும். தளத்தில் அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருந்து தொடங்கட்டும். பிரித்தானியாவுக்குத் தளம் மூலம் விற்பதென்றால் 135 பவுணுக்கு மேற்பட்ட தொகுப்புகள், அல்பங்கள். அவற்றுக்கு இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதி வையுங்கள். "தரகு மிச்சம்" என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் தளத்துக்கு மாற்றச் சொல்லும் யூரியூப் காணொளிகள் அமெரிக்காவுக்குள் அமெரிக்கர் விற்பதைப் பற்றியவை. எங்களுக்குப் பொருந்தா.

சுங்கப் படிவம் சிஎன்22 இல் உண்மையான விலையை எழுதுங்கள். "கிப்ட் என்று போடுங்கோ" என்று கேட்கும் வாங்குநர் வருவார். முடியாது என்று பணிவாகச் சொல்லுங்கள். பிடிபட்டால் கையெழுத்து உங்களுடையது. பொருளிலும் கவனம் வேண்டும். பவளப்பாறைத் துண்டு, பாதுகாக்கப்பட்ட சங்கு சிப்பி வகைகள் நாட்டை விட்டுப் போகக்கூடாது, நிலாவெளிக் கடற்கரையில் சும்மா கிடந்தாலும் சரி. தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும் எதற்கும் தொல்லியல் திணைக்கள அனுமதி வேண்டும். வீட்டுப் பரணில் கிடந்த ஏட்டுச்சுவடியை ஏலத்தில் போடுகிற யோசனையே வேண்டாம். பனையோலைப் பொருள் தாவரப் பொருள். அவுஸ்திரேலியத் தனிமைப்படுத்தல் விதிகளைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

மின்னஞ்சல் பட்டியல்

தளத்துக்குத் தாமாக வந்து, "புதிய அட்டை வந்தால் அறிவிக்கவும்" என்ற பெட்டியில் தாமாக முகவரி போட்டவர்கள் மட்டும்தான் உங்கள் பட்டியல். அந்தப் பெட்டியில் முன்கூட்டியே சரி அடையாளம் போட்டு வைக்காதீர்கள். ஈபே ஓடர்களில் இருந்து எடுத்த முகவரி ஒன்றைக்கூட இதில் சேர்க்கக்கூடாது. ஈபேயின் விதியைத் தவிர, இலங்கையின் 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஐரோப்பியச் சட்டங்களும் உண்டு. மாதம் ஒரு கடிதம் போதும். அதில் விற்பனைக்கு வந்ததைவிட, வந்த பொருளில் நீங்கள் கண்ட ஒரு புதினத்தை எழுதுங்கள்: தபால் முத்திரையில் ஓர் அபூர்வத் திகதி, படத்தில் இப்போது இல்லாத கட்டடம். சேகரிப்பாளர்கள் அதற்காகவே திறந்து வாசிப்பார்கள்.

ஏலத்தை விட்டுவிடாதீர்கள்

மீன் வாடியில் கூறி விற்பதும் வீட்டு வாடிக்கைக்குக் கொடுப்பதும் ஒரே ஆளே செய்கிற இரண்டு வியாபாரம். கூறி விற்கும்போது விலையைக் கூட்டம் சொல்லும். வாடிக்கைக்கு நீங்கள் சொல்லுவீர்கள். விலை உங்களுக்கே தெரியாத பொருளை ஏலத்தில் போடுங்கள். முடிவு பிரித்தானிய இரவு நேரத்தில் விழும்படி 7 அல்லது 10 நாள் வையுங்கள். விலை நிலைத்துவிட்ட, கையில் பல பிரதிகள் உள்ள பொருட்கள் தளத்துக்கு. தளத்தில் ஈபேயை விடக் குறைந்த விலை என்று போட்டியிடுவதைவிட, அங்கே இல்லாததை வைப்பது மேல்: ஒரே ஊரின் அட்டைகள் வரிசையாக, முழு முத்திரை வரிசை, "இந்தப் படம் கிடைத்தால் சொல்லுங்கள்" என்ற தேவைப் பட்டியல் வசதி.

ஈபே செய்திப்பெட்டியில் ஒருநாள் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "உங்களுக்குத் தளம் இருக்கிறதா? நேரே தந்தால் இரண்டு பேருக்கும் லாபம்." ஆசை காட்டும் கேள்வி. பதிலை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: "கேட்டதற்கு நன்றி. ஈபேயில் உள்ள பொருளை ஈபேயிலேயே தருகிறேன். உங்கள் விலையை ஓஃபராக அனுப்புங்கள், பார்க்கிறேன்." முகவரியை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அனுப்பும் தந்திரம் பழையது, அவர்களின் வடிகட்டிக்கு நன்றாகவே தெரியும். உங்கள் பெயர் அவர் முன்னாலேயே இருக்கிறது. தேட விரும்பினால் தேடுவார்.

இன்னொன்று. ஒற்றைப் பொருளை இரண்டு இடத்திலும் ஏற்றாதீர்கள். ஈபேயில் ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே அட்டை தளத்தில் விற்றுப்போனால் ஏலத்தை நடுவில் நிறுத்த வேண்டி வரும். விலை கேட்டவர்கள் இருக்கும்போது நிறுத்தினால் கட்டணமும் விழலாம், கேட்டவரின் கோபமும் விழும். எந்த அட்டை எங்கே என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் போதும். ஏலத்தில் விலை போகாமல் திரும்பி வந்ததைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் ஈபேப் பட்டியலில் அது மறுபடி தானாக ஏறிவிட்டதா என்று பாருங்கள். தானியங்கி மறுபட்டியலை அணைக்க மறப்பவர்கள்தான் அதிகம்.